யாருடைய செலவு?

பிரயாணத்துக்குப் பழந்தமிழில் 'செலவு' என்று ஒரு பெயர் உண்டு. செல்வது செலவு. பிற்காலத்தில் அந்தச் சொல் கைக்காசு கரைவதைக் குறிக்கப் போய்விட்டது. பாஷை இதை யோசியாமல் செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. செல்கிறவன் ஒருவன் இருந்தால், அந்தச் செல்கைக்காகச் செலவழிந்தவன் இன்னொருவன் இருந்தே தீருவான் என்ற அனுபவ ஞானம் அந்த ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. பிரயாண நூல் எதையாவது மதிப்பிட உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு அர்த்தங்களையும் தராசின் இரண்டு தட்டாக வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆசிரியர் எங்கே சென்றார், எதைக் கண்டார் என்பது ஒரு தட்டு. அவர் சென்ற பாதைக்காகச் செலவழிந்தவர் யார் என்பது அவர் கண்ணில் பட்டதா என்பது மறு தட்டு.

சமீப காலத்தில் மேல்நாட்டுப் பிரயாண எழுத்தில் ஒரு தனி ரகம் பெருகியிருக்கிறது. பிரான்ஸ் தேசத்து நாட்டுப்புறத்தில், மோட்டார் வாகனங்கள் வராத சரளைப் பாதைகளிலும் கால்வாய்க் கரைகளிலும், நாட்கணக்கில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போவதைப் பற்றிய எழுத்து. இதற்கென்றே ஒரு ஜாதிச் சைக்கிளும் வந்துவிட்டது. பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் சரளையில் சறுக்காத அகல டயர். அதைக் 'கிராவல்' சைக்கிள் என்கிறார்கள்.

எங்கள் ராசிங்காபுரத்துக்காரர்களுக்குக் கிராவல் என்ற சொல் புதிதல்ல. ரோடு போடுகிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் தினம் புழங்குகிற சொல். கண்மாயிலும் கரட்டோரத்திலும் தோண்டி எடுத்து, டிப்பர் லாரியில் ஏற்றி, தார் போடுவதற்கு முன்னால் பரப்புகிறார்களே, அந்தச் செம்மண் சரளை. எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் லாரி வரப்போகிறது என்று பொருள். அந்த நூல்களில் கிராவல் என்றால் லாரி வராது என்று பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு தேசங்களில் இப்படி நேர் எதிரான பொருள் இருப்பதே என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

அந்த நூல்களில் இரண்டு மூன்றைப் படித்துவிட்டால் நாலாவதைப் படிக்காமலே எழுதிவிடலாம். விடியற்காலையில் கால்வாய்த் தண்ணீருக்கு மேல் பனிமூட்டம். ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. நீர்க்கதவைக் காக்கிறவரின் சின்ன வீடு. ஜன்னலில் சிவப்புப் பூ. கிராமத்துக் கடையில் சுடச்சுட வாங்கிய நீள ரொட்டி. வரிசை பிடித்த மரங்களின் நிழல். டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் ஓசை. இவ்வளவுக்கும் உச்சமாக ஒரு வாக்கியம் எல்லா நூல்களிலும் ஏதாவது ஓர் உருவத்தில் வந்தே தீரும்: காலையிலிருந்து ஒரு காரைக்கூடப் பார்க்கவில்லை என்பது. ஆசிரியர் ஏதோ மலைச்சிகரத்தில் கொடி நாட்டியவர் மாதிரி அதைச் சொல்கிறார்.

நான் அவர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அலறாமல், பக்கவாட்டில் பஸ் உரசாமல், ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது போடி-தேவாரம் ரோட்டில் சைக்கிள் விட்டவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சுகம் உண்மையானது; அதைச் சொல்ல வந்த எழுத்தும் பொய்யானதல்ல. என் புகார் வேறு. ஒன்று இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு நூலை நிரப்ப முடியாது. கார் இல்லை, லாரி இல்லை, இரைச்சல் இல்லை, கூட்டம் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறவர், ஏழாம் அத்தியாயத்துக்கு வரும்போது, தம்மை அறியாமலே, மனிதர்களும் இல்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். நீர்க்கதவு வீட்டுக்காரரின் பூந்தொட்டி தெரிகிற அளவுக்கு நீர்க்கதவு வீட்டுக்காரர் தெரிவதில்லை.

அந்தப் பாதைகளின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அவை சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய்க் கரைப் பாதைக்கு வைத்திருக்கும் பெயரே 'இழுவைப் பாதை' என்றுதான் பொருள்படும். நீராவியும் டீசலும் வருவதற்கு முன்னால் சரக்குப் படகு தானாகப் போகாது. கரையில் குதிரையோ கோவேறு கழுதையோ கயிற்றைப் பூட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். மிருகத்துக்குத் தீனி போட வசதியில்லாத படகுக்காரன், மார்பில் வாரைப் போட்டுக்கொண்டு தானே இழுத்தான். அவன் மனைவியும் பிள்ளைகளும் இழுத்தார்கள். இன்று சைக்கிள் டயருக்குச் சுகமாக இருக்கிற அந்தச் சமதளம், இழுக்கிறவன் கால் இடறாமலிருக்கச் சமப்படுத்தப்பட்ட தளம்.

தெற்குப் பிரான்ஸில் 'மிதி' கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. (அவர்கள் மொழியில் மிதி என்றால் தென்திசை, நாம் சைக்கிள் மிதி என்று நினைத்துக்கொண்டாலும் இப்போதைக்குப் பாதகமில்லை.) பியர்-பால் ரிக்கே என்பவர் 1666ல் தொடங்கியது, அவர் 1680ல் இறந்துபோக, மறு வருஷம் திறக்கப்பட்டது. சுமார் 240 கிலோமீட்டர். வேலை மும்முரமாக நடந்த காலத்தில் ஏறக்குறைய 12,000 பேர் மண் வெட்டினார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். சந்திரா முகர்ஜி என்ற அமெரிக்க சமூகவியல் ஆராய்ச்சியாளர் 2009ல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். பிரனீஸ் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்த பெண்கள் மண் சுமக்க மட்டும் வரவில்லை. மலைச்சரிவில் தண்ணீரை வாட்டம் பார்த்துக் கொண்டுவரும் வித்தையை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள் என்பது அவர் கட்சி. வயலுக்கு மடை திருப்பிப் பழகிய எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரைக் கேட்டாலும் இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள்.

வடமேற்கில் நாந்த் நகரத்திலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போகும் இன்னொரு கால்வாய் சுமார் 360 கிலோமீட்டர். ஆங்கிலேயக் கப்பற்படை கடலை அடைத்துக்கொண்டதால், உள்நாட்டு வழியாகத் துறைமுகத்துக்குச் சாமான் அனுப்ப வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் போட்ட திட்டம். அதில் கிளோமெல் என்ற இடத்து மேட்டை அறுத்துச் செல்லும் பெரும்பள்ளத்தை 1823 முதல் சுமார் பத்து வருஷம் கைதிகளைக் கொண்டு தோண்டினார்கள். இன்று அந்தக் கரையில் போகிறவர் அமைதியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுகிறார். அந்த அமைதிக்கு அடியில் விலங்கு மாட்டிய கால்கள் நடந்தன என்பதற்கு அரை வரியாவது ஒதுக்கினால், அமைதியின் கனம் கூடுமே தவிரக் குறையாது.

கால்வாயின் வேலையை ரயில் பிடுங்கிக்கொண்டது. ரயிலின் வேலையை லாரி பிடுங்கிக்கொண்டது. ஆகவே முதலில் கால்வாய்க் கரைகளும், பிறகு கிளை ரயில் பாதைகளும் சும்மா கிடந்தன. பர்கண்டிப் பக்கத்தில் ழிவ்ரியிலிருந்து குளுனி வரை ஓடி நின்றுபோன ஒரு ரயில் பாதையைத்தான் 1997ல் முதன்முதலாகப் 'பசுமை வழி' ஆக்கினார்கள். 2004ல் சாலைச் சட்டத்திலேயே அந்தப் பெயருக்கு இடம் கிடைத்தது. மோட்டார் பூட்டிய எதுவும் வரக் கூடாது. சைக்கிளும், நடக்கிறவரும், குதிரையேறி வருகிறவரும் போகலாம் என்று ஏற்பாடு.

கவனியுங்கள், சட்டம் நடக்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் தாய்க்கும், தடியூன்றி வரும் கிழவருக்கும் அது சொந்தப் பாதை. அந்தப் பாதையை நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த பிரயாணியின் ஏகாந்தத்துக்காக யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. இந்த ரக நூல்களைவிட அவை புகழ்கிற பாதைகள் பெருந்தன்மையானவை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த எழுத்துக்கு ஒரு நல்ல மூதாதை உண்டு. ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1876ல் ஒரு நண்பரோடு இரண்டு சிறு படகுகளில் பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸுக்குள் கால்வாயும் ஆறுமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போய், 1878ல் அதை ஒரு புத்தகமாக்கினார். அவரும் சரக்குப் படகுக்காரனின் வாழ்வைப் பார்த்து ஏங்குகிறார். வீட்டையே தண்ணீரில் மிதக்கவிட்டுக்கொண்டு அவசரமில்லாமல் போகிறானே என்று. அந்த ஏக்கத்தில் இழுக்கிறவனின் தோள்வலி தெரியவில்லை என்று நாம் குறை சொல்லலாம். ஆனால் புத்தகத்தின் உயிர் அங்கே இல்லை. லா ஃபேர் என்ற ஊரில், மழையில் நனைந்து, பசியோடு, நல்ல சாப்பாட்டை நினைத்துக்கொண்டு ஒரு விடுதிக்குள் நுழைகிறார்கள். உடையைப் பார்த்த விடுதிக்காரி இவர்களைத் தெருவில் திரியும் சில்லறை வியாபாரிகள் என்று எண்ணி வெளியே விரட்டிவிடுகிறாள். புத்தகம் அங்கேதான் கண் விழிக்கிறது. பாதையில் பிழைக்கிறவனுக்கு உலகம் எந்தக் கதவைத் திறக்கும், எந்தக் கதவைச் சாத்தும் என்பது, பாதையில் உல்லாசமாகப் போக வந்தவருக்கு ஒரு மாலைப்பொழுதிலாவது தெரிந்துவிடுகிறது. இன்றைய சைக்கிள் நூல்களில் இந்த விபத்து நேருவதில்லை. விடுதி முன்கூட்டியே பதிவாகியிருக்கிறது.

நம் தமிழில் இதற்கு ஈடு உண்டா என்று கேட்டால், உண்டு என்று தயங்காமல் சொல்வேன். அதை எழுதியவர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வாத்தியார் வேலை பார்த்தவர் என்பது விதி செய்த வேடிக்கை. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையைச் சொல்கிறேன். நண்பர்கள் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகில் போகிறார்கள். படகு ஓட்டத்தின் சுகம் இருக்கிறது, இயற்கை இருக்கிறது. ஆனால் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகை இழுத்துப் போகிறவனும் அந்தக் கவிதைக்குள் வந்துவிடுகிறான். அவன் வந்த பிறகு உல்லாசப் பிரயாணம் வெறும் உல்லாசமாக இருக்க முடிவதில்லை. கவிதையின் தலைப்பில் இருக்கிற 'செலவு' என்ற சொல்லுக்குப் பழைய பொருளும் புதிய பொருளும் ஒருசேரப் பொருந்திவிடுகின்றன. முந்நூறு பக்கத்துக்குச் சரளை ஓசையைக் கேட்டவர்களுக்குக் கேட்காத மூச்சிரைப்பு, சில அடிகளில் கேட்டுவிடுகிறது.

பக்கிங்ஹாம் கால்வாய்க்கே கதை ஒன்று உண்டு. 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக அதன் ஒரு பகுதியை வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னரின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். பஞ்சத்தில் வெட்டியவன் பெயரை எதற்கும் வைக்கவில்லை. உப்பும் விறகும் அதில் போய்க்கொண்டிருந்தன. பின்னர் படகுப் போக்குவரத்து நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் இழுவைப் பாதையைச் சைக்கிள் பாதையாக்கினார்கள் என்றால், நாம் சென்னையில் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கிப் பறக்கும் ரயிலை ஓட்டினோம். அதன் முதல் பகுதி 1995ல் திறந்தது. ரயில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜனங்கள் அதில் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் கரையையும் தண்ணீரையும் ஒருங்கே தொலைக்காமல் ரயில் விடுவதற்கு வழியே இல்லையா என்று யாரும் ரொம்ப நேரம் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ராசிங்காபுரத்துக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அதன் மறுபக்கச் சரிவுகளில் ஏலக்காய்த் தோட்டங்கள். மலையடிவாரத்தை ஒட்டிப் பதினெட்டாம் கால்வாய் வருகிறது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டி, மலையைக் குடைந்து, 1895ல் கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுயிக். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து கிளம்பி, அடிவாரத்து ஊர்களின் கண்மாய்களுக்காக இந்தக் கால்வாயில் வருகிறது. வருஷம் முழுவதும் வராது. திறந்துவிட்டால் வரும். கரை மேல் கிராவல் பாதை உண்டு. இலாகா ஜீப்பும், மதகு திறக்கிற லஸ்கரும், ஆடு மாடும், புல்லுக்கட்டும் போகிற பாதை. பிரெஞ்சுக் கால்வாய் நூல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கரையில் உட்கார்ந்தால், பனிமூட்டத்தைத் தவிர எல்லாம் இருக்கிறது. நாரைகூட இருக்கிறது, நாம் கொக்கு என்கிறோம்.

இந்த நூல்களை ஆசையோடு படித்துவிட்டு, அகல டயர் சைக்கிள் ஒன்றும் வாங்கிக்கொண்டு, மதுரையிலிருந்து ஒரு வாலிபர் என்னைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை, எழுத ஆசை உள்ளவர். இருவரும் கரை மேல் போனோம். அவர் மிதிக்க, நான் பக்கத்தில் நடக்க, அப்படி. எதிரே தலையில் புல்லுக்கட்டோடு ஒரு வயதான அம்மாள் வந்தார்.

"எங்கிட்டுத் தம்பி போகணும்?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை பாட்டி. சும்மா, ரோட்டில் வண்டித் தொந்தரவு. அதனால் இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் வாலிபர்.

"அதைச் சொல்லுங்க. ரோட்டுல போனா ஜீப்புக்காரன் அடிச்சுப் போட்டுருவான்னுதான நாங்களும் இங்கிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்க்கொண்டே இருந்தார்.

வாலிபர் சிரித்தார். எனக்கு அந்தப் பதில் ஒரு பெரிய விமரிசனமாகப் பட்டது. இருவர் தேடுவதும் ஒரே பொருள்தான், வண்டி இல்லாத பாதை. அவருக்கு அது சுகம்; இந்த அம்மாளுக்கு அது உயிர். நான் சொன்ன நூல்கள் எல்லாம் முதல் பாதியை மட்டும் எழுதி, இரண்டாம் பாதியை எழுதாமல் விட்டவை.

அந்த ஜீப் எது என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியும் முன்னே ஜீப்புகள் கிளம்புகின்றன. உள்ளே ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள், கால் வைக்க இடமில்லாமல். போடிமெட்டு வழியாகப் போகிற ஜீப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப் பக்கம் கேரளத்தில் இறங்க வேண்டும்; நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கூலி போச்சு. ஆகவே பறக்கிறது. கவிழ்ந்த செய்தி அடிக்கடி வருகிறது. புல்லுக்கட்டு அம்மாள் பயப்படுகிற ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பது அவருடைய மகளாகவோ மருமகளாகவோ இருப்பாள். போடி ஏல மையத்தில் விலை போகிற ஒவ்வொரு ஏலக்காய் மூட்டைக்கும் பின்னால் இந்த ஜீப் இருக்கிறது. இங்கே 'போக்குவரத்து' என்பது பிரயாணியின் அமைதியைக் கெடுக்கிற வில்லன் மட்டும் அல்ல. அது ஒரு பெண்ணின் அன்றாடக் கூலி.

தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்து மெட்டு என்று ஒரு பழைய மலைப்பாதை இருக்கிறது. தோட்டத்துக்கு ஜனங்கள் கால்நடையாக ஏறிப்போன வழி. கார் வராத பாதைதான். ஸ்டீவன்ஸன் வந்திருந்தால் கழுதையோடு ஏறியிருப்பார். ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது, அதில் ரோடு போடுங்கள் என்றுதான். காடு அழியும் என்று மறுப்பும் இருக்கிறது. அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. காட்டைக் காப்பதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் வண்டி இல்லாத பாதையைப் புகழ்கிற ஒருவர், அந்தப் பாதையில் முப்பது கிலோ மூட்டையோடு ஏறியவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புகழ வேண்டும் என்கிறேன்.

எங்களுக்கும் தண்டவாளம் இல்லாத ரயில் பாதை ஒன்று இருந்தது. 1928ல் போடிக்கு வந்த ரயிலை இரண்டாம் உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள்; யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்துத் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் மறுபடி நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் 15ந் தேதியும் ரயில் திரும்பி வந்தது. நடுவிலே பன்னிரண்டு வருஷம். ழிவ்ரி-குளுனி மாதிரி அதைச் சைக்கிள் பாதையாக விட்டிருக்கலாமே என்று யாராவது சொல்லியிருந்தால், போடி ஜனங்கள் அவரை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள். ரயில் திரும்பி வந்த அன்று ஸ்டேஷனில் கூடிய கூட்டம் அமைதியை வரவேற்கக் கூடவில்லை. இரைச்சலைத்தான் வரவேற்றது. ஓய்ந்துபோன பாதையை அழகாக்குவது, வேறு பாதை இருக்கிற தேசத்துக்குக் கட்டுப்படியாகும். இதை மறந்துவிட்டுப் பிரெஞ்சுப் படத்தை இங்கே ஒட்டவைத்தால் பசை நிற்காது.

குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன். மூணாற்றுத் தேயிலை அதுவரை மலை ரயிலில் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்கு வந்துகொண்டிருந்தது. 1902ல் தொடங்கிய அந்த ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று. சரக்குப் போன தடம் இன்று மலையேறுகிறவர்களின் உல்லாசத் தடம். 2018 மார்ச் 11ந் தேதி அந்த மலையில் பற்றிய காட்டுத் தீயில் இருபத்துமூன்று பேர் மாண்டார்கள். மாண்டவர்களை ஒரு சொல் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதற்குப் பிறகாவது எழுதுகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு வந்திருக்க வேண்டும். மலையை ஆளில்லாத அழகாக மட்டும் காட்டுகிற எழுத்து, மார்ச் மாதத்தில் புல் எப்படிக் காய்ந்திருக்கும் என்பதை அங்கேயே இருக்கிறவனைக் கேட்டு எழுதாத எழுத்து, வாசகனைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது. பிரயாண நூல் ஆபத்தில்லாத இலக்கியம் என்று நினைப்பது தப்பு.

அப்படியானால் சைக்கிள் பாதை நமக்கு வேண்டாமா? வேண்டும்; பிரெஞ்சுக்காரர்களைவிட நமக்குத்தான் அவசரமாக வேண்டும். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2001-2002ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பின்னால் அரசு, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதை விரித்தது. அதற்கும் முன்னால், 1991-92ல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தை ஒட்டிக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் 1996ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிற பக்கங்கள், சைக்கிளைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவற்றில் மேலானவை என்பது என் அபிப்பிராயம். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் ஏற்றிக்கொண்டு போகிற சைக்கிளை அவர் பார்த்தார். அந்தச் சைக்கிளில் போகிறவளுக்கு யாருடைய தயவும் இல்லாமல் புருஷன் வீட்டிலிருந்து சந்தைக்குப் போய்வர முடிகிறது என்பதைப் பார்த்தார். ஏகாந்தத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று அதில் இருக்கிறது. சுதந்திரம் என்று பெயர்.

ஆக, நாம் சைக்கிளைக் கொடுத்துவிட்டோம், பாதையைக் கொடுக்கவில்லை. பதினாறு வயதுப் பெண் சர்க்கார் சைக்கிளில் ஏறி, லாரிக்கும் ஜீப்புக்கும் நடுவில், தார் ரோட்டின் ஓரத்து மண்ணில் இறங்கி ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள். நூறு கஜத்துக்கு அப்பால் கால்வாய்க் கரை கிடக்கிறது. சில இடத்தில் சீமைக் கருவேல முள், சில இடத்தில் உடைப்பு, இருட்டினால் விளக்கில்லை. முள்ளை வெட்டி, உடைப்பை அடைத்து, கொஞ்சம் கிராவல் கொட்டி, மோட்டார் வராமல் இரண்டு கல் நட்டால் ஆகிற காரியம். ஒரே ஒரு நிபந்தனை சொல்வேன். அழகுபடுத்துகிறோம் என்று கேட் போட்டு, டிக்கெட் வைத்து, ஆட்டையும் புல்லுக்கட்டையும் விரட்டிவிடக் கூடாது. மதகு திறக்கிற லஸ்கருக்கும், கண்மாய்க்குத் தண்ணீர் பார்க்கப் போகிற விவசாயிக்கும் அது முதலில் சொந்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடுத்தபடி சொந்தம். மதுரையிலிருந்தும் மார்ஸேயிலிருந்தும் வருகிறவர்கள் தாராளமாக வரட்டும், மூன்றாவதாக.

எழுத விரும்பும் வாலிபருக்கும் நான் சொன்னது இதுதான். இந்தக் கரையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுங்கள். லோயர் கேம்பிலிருந்து போடிப் பக்கம் வரை மெள்ளப் போங்கள். ஒவ்வொரு மதகிலும் இறங்குங்கள். தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு முதலில் போகிறது, எந்தக் கண்மாய்க்குக் கடைசி வரை போகவில்லை, கடைமடைக்காரன் யாரை வைகிறான் என்று கேளுங்கள். வெயில் ஏறினால் புளியமரத்தடியில் உட்காருங்கள். கொக்கைப் பற்றியும் எழுதுங்கள். அழகை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் காலையிலிருந்து ஒரு வண்டியைக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தால், அந்த வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில் எந்த மலையில் யாரை ஏற்றிக்கொண்டு போகின்றன என்பதை அடுத்த வரியில் எழுதிவிடுங்கள்.

அவர் எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அது பிரெஞ்சுக் கால்வாய் நூல்கள் எல்லாவற்றையும்விட நல்ல நூலாக இருக்கும். அதை வாசித்துவிட்டு அதிகாரத்தில் இருக்கிற யாராவது ஒருவர் முள்ளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டால், விமரிசகன் தன் தராசை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.